சவுத்டேல் – பெயர்ப்பலகைகள் மாறிய கதை

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரத்தை ஒட்டி ஈடைனா என்று ஒரு புறநகர் இருக்கிறது. அங்குள்ள சவுத்டேல் சென்டர் என்ற ஷாப்பிங் மாலின் ஒரு மூலையில் 1956-ல் டொனால்ட்சன்ஸ் என்று ஒரு பெயர்ப்பலகை ஏறியது. 1987-ல் அதை இறக்கிவிட்டு கார்சன் பீரி ஸ்காட் என்று மாட்டினார்கள். 1995-ல் மெர்வின்ஸ். 2004-ல் வெறும் சுவர். 2011-ல் ஹெர்பெர்கர்ஸ். 2018-ல் மறுபடியும் வெறும் சுவர்.

அறுபத்திரண்டு வருடங்களில் ஒரே இடத்தில் நான்கு கடைகள். கடை என்றால் மாறத்தான் செய்யும், இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். ஆனால் சவுத்டேல் சாதாரண மால் அல்ல. உலகமெங்கும் பிறகு கட்டப்பட்ட ஆயிரக்கணக்கான மால்களுக்கு முன்மாதிரி அதுதான். அதைக் கட்டியவர் அதை ஒரு கடைத்தொகுதி என்று சொல்லவில்லை, ஊரின் மையம் என்று சொன்னார். ஊரின் மையத்தில் எந்தக் கடை இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? சவுத்டேலின் வரலாறு இந்தக் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருக்கிறது.

வியன்னாவில் இருந்து வந்தவர்

சவுத்டேலை வடிவமைத்தவர் விக்டர் க்ரூயன். 1903-ல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் விக்டர் க்ரூன்பாம். கட்டிடக்கலை படித்தார், மாலை நேரங்களில் அரசியல் நையாண்டி நாடகங்களில் நடித்தார். 1938-ல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்ததும் அங்கிருந்து தப்பி நியூயார்க் வந்து சேர்ந்தார். கையில் பெரிதாகப் பணம் இல்லை, ஆங்கிலமும் சரியாக வராது. முதலில் கடைகளின் முகப்பை வடிவமைத்துக் கொடுத்துப் பெயர் வாங்கினார்.

அமெரிக்கப் புறநகர்கள் அவருக்குப் பிடிக்கவே இல்லை. வியன்னாவில் வீட்டை விட்டு இறங்கினால் நடந்தே காபிக் கடைக்குப் போகலாம், நண்பர்களைப் பார்க்கலாம், கடைத்தெருவில் வேடிக்கை பார்க்கலாம். அமெரிக்கப் புறநகரில் எல்லாவற்றுக்கும் கார் வேண்டும். சாலையின் இருபுறமும் கடைகள் மைல் கணக்கில் நீண்டு கிடக்கும். மனிதர்கள் சந்தித்துக்கொள்ள ஓர் இடம் கிடையாது. அந்த இடத்தைத் தானே கட்டித் தருவது என்று க்ரூயன் தீர்மானித்தார். 1954-ல் டெட்ராய்ட் அருகே ஹட்சன்ஸ் என்ற பெரிய கடைக்காக அவர் கட்டிய நார்த்லேண்ட் சென்டர் பெரும் வெற்றி பெற்றது. ஆனால் அது கூரை இல்லாத, திறந்தவெளி வளாகம்.

அடுத்த அழைப்பு மினியாபொலிஸில் இருந்து வந்தது. அழைத்தவர்கள் டேட்டன் குடும்பத்தினர். 1902 முதல் நகரத்தின் நடுவில் டேட்டன்ஸ் என்ற பல மாடிக் கடையை நடத்தி வந்தவர்கள். வாடிக்கையாளர்கள் புறநகருக்குக் குடிபோவதைப் பார்த்து, தாமும் பின்னாலேயே போக முடிவு செய்தார்கள்.

மினசோட்டாவில் ஒரு சிக்கல் இருந்தது. அங்கே குளிர்காலம் கடுமையானது. கோடையில் வெயில், புழுக்கம். வெளியே போய்ப் பொருள் வாங்க வசதியான நாட்கள் வருடத்துக்கு 126 தான் என்று ஒரு கணக்கு அப்போது சொல்லப்பட்டது. அதனால் க்ரூயன் மொத்த வளாகத்துக்கும் ஒரே கூரை போட்டார். உள்ளே எப்போதும் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸ்.

1956 அக்டோபர் 8

அன்று சவுத்டேல் திறக்கப்பட்டது. செலவு 2 கோடி டாலர். 72 கடைகள், இரண்டு தளங்கள், 5,200 கார்கள் நிறுத்த இடம். முதல் நாளில் மட்டும் 75,000 பேர் வந்ததாகச் செய்திகள் சொல்கின்றன.

வெளியில் இருந்து பார்த்தால் ஜன்னல் இல்லாத சுவர்கள். உள்ளே போனால் நடுவில் உயரமான ஒரு முற்றம். மேலே கண்ணாடி வழியாக வெளிச்சம். செடிகள், மீன் குளம், 21 அடி உயரப் பறவைக் கூண்டு, உட்கார்ந்து பேச ஒரு காபிக் கடை, ஹாரி பெர்டோயா மர வடிவில் செய்த பொன்னிற உலோகச் சிற்பங்கள். வியன்னாவின் சதுக்கத்தைக் கூரைக்குள் கொண்டுவந்து வைத்த மாதிரி.

இன்னொரு புதுமையும் இருந்தது. மினியாபொலிஸ் கடைவீதியில் டேட்டன்ஸும் டொனால்ட்சன்ஸும் நேருக்கு நேர் போட்டியாளர்கள். அந்த இருவரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது சவுத்டேல். ஒருவர் இழுத்து வரும் கூட்டம் மற்றவருக்கும் உதவும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு பலித்தது.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று சொல்ல முடியாது. புகழ்பெற்ற கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் அதே ஆண்டு நேரில் வந்து பார்த்துவிட்டு, நடு முற்றத்தைக் கடுமையாக விமர்சித்தார். நகரத்தை நகரத்திலேயே விட்டிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

ஒரு மால் எப்படி இயங்குகிறது?

கடைகள் ஏன் மாறுகின்றன என்று புரிய, மாலின் வாடகைக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு மாலில் இரண்டு வகைக் கடைகள் உண்டு. இரண்டு முனைகளிலும் நிற்கும் பிரம்மாண்டமான டிபார்ட்மெண்ட் ஸ்டோர்கள் ஒரு வகை. இவற்றை "ஆங்கர்" கடைகள், அதாவது நங்கூரக் கடைகள் என்பார்கள். இவை வாடகையாக மிகக் குறைவாகவே கொடுக்கும். சில இடங்களில் தங்கள் கட்டிடத்தைத் தாங்களே சொந்தமாக வைத்திருக்கும். கூட்டத்தை வரவழைப்பதுதான் இவற்றின் வேலை.

இரண்டாவது வகை, இந்த இரண்டு பெரிய கடைகளுக்கு நடுவில் வரிசையாக இருக்கும் சின்னக் கடைகள். செருப்பு, நகை, புத்தகம், இசைத்தட்டு, பலகாரம் விற்பவை. ஒரு சதுர அடிக்கு அதிக வாடகை கொடுப்பது இவர்கள்தான். பல ஒப்பந்தங்களில் விற்பனையில் ஒரு பங்கும் கொடுக்க வேண்டும். ஒரு பெரிய கடையில் இருந்து மற்றதற்கு நடந்து போகிறவர்கள் வழியில் இங்கே நுழைவார்கள் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவு வாடகை.

ஆகவே ஒரு நங்கூரம் அறுந்தால் ஒரு கடை மட்டும் போவதில்லை. அந்தப் பக்கம் நடக்கிற கூட்டம் போய்விடுகிறது. பெரிய கடை மூடினால் வாடகையைக் குறைக்கலாம், அல்லது ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறலாம் என்று பல சின்னக் கடைகளின் ஒப்பந்தத்திலேயே ஒரு விதி இருக்கும். ஒரு கடை மூட, அதைப் பார்த்து நான்கு கடை மூட, மால் முழுவதும் இருட்டாகிவிடும். அமெரிக்காவில் இப்படிச் செத்துப்போன மால்கள் ஏராளம்.

டொனால்ட்சன்ஸ் மூலை

இப்போது அந்த முதல் மூலைக்குத் திரும்புவோம். 1987-ல் டொனால்ட்சன்ஸ் ஏன் மறைந்தது? சவுத்டேலில் வியாபாரம் படுத்துவிட்டதாலா? இல்லை.

டொனால்ட்சன்ஸ் வெகுகாலமாக அல்லைட் ஸ்டோர்ஸ் என்ற பெரிய நிறுவனத்தின் கையில் இருந்தது. 1986-ல் கனடாவைச் சேர்ந்த கேம்போ என்ற நிறுவனம், பெரும் கடன் வாங்கி அல்லைட் முழுவதையும் விலைக்கு வாங்கியது. வாங்கிய கடனை அடைக்க, கையில் வந்த கடைகளை ஒவ்வொன்றாக விற்றது. அப்படி விற்றதில் டொனால்ட்சன்ஸும் ஒன்று. வாங்கியது சிகாகோவின் கார்சன் பீரி ஸ்காட். பழைய பலகை இறங்கியது.

கார்சன் நிறுவனத்தையும் 1989-ல் வேறொருவர் வாங்கினார். 1991-ல் அது திவால் மனு கொடுத்தது. மீண்டு எழுந்தபோது மினியாபொலிஸ் பகுதியை விட்டே விலகுவது என்று முடிவெடுத்து, கடைகளை 1995-ல் டேட்டன் நிறுவனத்திடமே விற்றது! எந்த டொனால்ட்சன்ஸுக்குப் போட்டியாக டேட்டன்ஸ் இருந்ததோ, அந்த மூலையும் டேட்டன் கைக்கே வந்துவிட்டது. அவர்கள் அங்கே தங்களுக்குச் சொந்தமான மெர்வின்ஸ் என்ற மலிவு விலைத் துணிக்கடையைத் திறந்தார்கள்.

2004-ல் மெர்வின்ஸ் விற்கப்பட்டது. மினசோட்டாவில் இருந்த அதன் கடைகள் மூடப்பட்டன. மூலை ஏழு ஆண்டுகள் காத்திருந்தது. 2011-ல் வந்த ஹெர்பெர்கர்ஸ் மினசோட்டாவிலேயே பிறந்த கடை. உள்ளூர்ப் பெயர் ஒன்று திரும்பியதில் பலருக்கும் சந்தோஷம். ஆனால் அதுவும் பெயரளவில்தான் உள்ளூர்க் கடை. 2006 முதல் அது பான்-டான் என்ற பென்சில்வேனியா நிறுவனத்தின் சொத்து. 2018-ல் பான்-டான் திவாலாகி, எல்லாக் கடைகளையும் ஒரே நேரத்தில் மூடியது. இதில் ஒரு வேடிக்கை, கார்சன் பீரி ஸ்காட்டும் கடைசியில் இதே பான்-டான் கையில் இருந்து இதே 2018-ல் மூடப்பட்டது. ஒரே மூலையில் பதினாறு வருட இடைவெளியில் குடியிருந்த இரண்டு கடைகளும் ஒரே நாளேட்டுச் செய்தியில் செத்துப்போயின.

டேட்டன்ஸ் மூலை

எதிர் முனையில் டேட்டன்ஸ். இங்கே கதை இன்னும் சுவையானது. ஏனென்றால் இது தோற்ற கடையின் கதை அல்ல, ஜெயித்த கடையின் கதை.

டேட்டன் குடும்பம் 1962-ல் மினசோட்டாவின் ரோஸ்வில் என்ற ஊரில் ஒரு மலிவு விலைக் கடையைத் திறந்தது. அதன் பெயர் டார்கெட். 1966-ல் பி.டால்டன் என்ற புத்தகக் கடையை ஈடைனாவில் தொடங்கியது. அது பின்பு அமெரிக்க மால்கள் அனைத்திலும் கிளை விரித்தது. 1969-ல் டேட்டன் நிறுவனம் டெட்ராய்டின் ஹட்சன்ஸோடு இணைந்தது. க்ரூயனுக்கு முதல் பெரிய மாலைக் கட்டக் கொடுத்த அதே ஹட்சன்ஸ்தான்! 1978-ல் சவுத்டேல் உள்ளிட்ட தன் மால்களை ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. மால் என்ற கட்டிடத்தைக் கட்டிய குடும்பம், அதில் ஒரு கடைக்காரராக மட்டும் மிஞ்சியது.

1990-ல் சவுத்டேலில் டேட்டன்ஸுக்குப் புதிதாக, முன்பைவிடப் பெரிய கட்டிடம் எழுந்தது. 1956-ன் பழைய கட்டிடம் பல சின்னக் கடைகளாகப் பிரிக்கப்பட்டது. அதே 1990-ல் நிறுவனம் சிகாகோவின் மார்ஷல் ஃபீல்ட்ஸ் கடைகளையும் வாங்கியது.

ஆனால் லாபம் எங்கே வந்தது? டார்கெட்டில். மலிவு விலைக் கடை, தாய்க் கடையைவிடப் பல மடங்கு வளர்ந்துவிட்டது. 2000-ல் நிறுவனத்தின் பெயரே டார்கெட் என்று மாற்றப்பட்டது. 2001-ல் டேட்டன்ஸ், ஹட்சன்ஸ் என்ற இரண்டு பெயர்களும் நீக்கப்பட்டு எல்லாம் மார்ஷல் ஃபீல்ட்ஸ் ஆயின. 2004-ல் அவை மே நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. அடுத்த ஆண்டே மே நிறுவனத்தை ஃபெடரேட்டட் வாங்கியது. 2006 செப்டம்பரில் பலகை மேசீஸ் என்று மாறியது.

ஐந்தே ஆண்டுகளில் மூன்று பெயர்கள். உள்ளே இருந்த மாடிப்படியும் விற்பனைப் பெண்களும் அதேதான். ஆனால் மினசோட்டாவில் பலர் அதன்பின்னும் வெகுகாலம் "டேட்டன்ஸுக்குப் போகிறோம்" என்றே சொல்லி வந்தார்கள்.

நடுவில் இருந்த சின்னக் கடைகள்

பெரிய கடைகளைப் பற்றி எழுத ஆளுண்டு. நடுவில் இருந்தவற்றைக் கவனிப்பவர் குறைவு. ஆனால் வரலாறு அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது.

1956-ன் சவுத்டேலில் ரெட் அவுல் என்ற மளிகைக் கடை இருந்தது. வுல்வொர்த் இருந்தது. பால், ஊசி நூல், மருந்து என்று தினசரித் தேவைகளுக்கான கடைகளும் மாலுக்குள்ளேயே இருந்தன. ஊர் மையம் என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்?

காலப்போக்கில் இவை போயின. ரெட் அவுல் நிறுவனம் 1988-ல் கைமாறி, பெயரும் மெல்ல மறைந்தது. வுல்வொர்த் 1997-ல் அமெரிக்கா முழுவதும் மிஞ்சியிருந்த தன் கடைகளை மூடியது. மளிகை, மருந்து, இரும்புச் சாமான் எல்லாம் மாலுக்கு வெளியே, சாலையோர பிளாசாக்களுக்குப் போயின. அங்கே வாடகை குறைவு, கடை வாசலிலேயே காரை நிறுத்தலாம். மாலுக்குள் மிஞ்சியது துணி, செருப்பு, நகை, அலங்காரம். சதுர அடிக்கு அதிக லாபம் தரும் பொருள்கள் மட்டும்.

புத்தகமும் இசையும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தன. பி.டால்டனை 1986-ல் பார்ன்ஸ் அண்ட் நோபிள் வாங்கியது. பிறகு தன் பெரிய தனிக் கடைகளில் கவனம் செலுத்தி, மால்களில் இருந்த பி.டால்டன்களை ஒவ்வொன்றாக மூடியது. மினியாபொலிஸில் பிறந்து மால்கள்தோறும் இசைத்தட்டு விற்ற மியூசிக்லேண்ட் 2006-ல் திவால் ஆனது. அதை முடித்துவைத்தவை சாலையோரப் பெரிய கடைகளும் இணையமும்.

மாலைச் சுற்றி முளைத்தவை

க்ரூயனின் திட்டத்தில் மால் என்பது பாதிகூட இல்லை. டேட்டன் குடும்பம் மொத்தம் 463 ஏக்கர் வாங்கியிருந்தது. அதில் வீடுகள், அடுக்குமாடிக் குடியிருப்பு, பள்ளிகள், மருத்துவமனை, பூங்கா, ஏரி என்று ஒரு முழு ஊரையே அவர் வரைந்திருந்தார். மக்கள் அங்கேயே குடியிருந்து, நடந்தே மாலுக்கு வர வேண்டும் என்பது அவர் ஆசை.

நடந்தது வேறு. மால் வந்ததும் சுற்றியிருந்த நிலத்தின் விலை ஏறியது. ஏறிய விலைக்கு நிலத்தைப் பகுதி பகுதியாக விற்பதுதான் லாபம். மருத்துவமனை வந்தது உண்மை. ஃபேர்வியூ சவுத்டேல் 1965-ல் திறக்கப்பட்டது. பிற்பாடு நூலகமும் வந்தது. ஆனால் இவற்றுக்கு நடுவே ஃபிரான்ஸ் அவென்யூ, யார்க் அவென்யூ இரண்டிலும் தனித்தனி பிளாசாக்கள், தனித்தனி வாகன நிறுத்தங்கள். ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குப் போகக்கூடக் காரை எடுக்க வேண்டும். எந்தச் சாலையோரக் கடைவரிசையைப் பார்த்து க்ரூயன் முகம் சுளித்தாரோ, அதையே அவருடைய மால் தன்னைச் சுற்றி வளர்த்துவிட்டது.

இதற்கு வரிச் சட்டமும் ஒரு காரணம். 1954-ல் அமெரிக்க அரசு, புதிய வணிகக் கட்டிடங்களின் தேய்மானத்தை முதல் சில ஆண்டுகளிலேயே அதிகமாகக் கணக்குக் காட்ட அனுமதித்தது. அதனால் காகிதத்தில் நஷ்டம், கையில் லாபம். பழைய கட்டிடத்தைப் பழுது பார்ப்பதைவிட, ஊருக்கு வெளியே மலிவான நிலத்தில் புதிதாகக் கட்டுவது பணக்காரர்களுக்கு வரி சேமிக்கும் வழியாக மாறியது. அந்த வட்டாரத்துக்கு இத்தனை கடைகள் தேவையா என்ற கேள்வியே எழவில்லை. 1986-ன் வரிச் சீர்திருத்தம் இந்தச் சலுகையைப் பெருமளவு குறைப்பதற்குள் நாடு முழுவதும் மால்களும் பிளாசாக்களும் நிறைந்துவிட்டன.

சவுத்டேலைச் சுற்றியும் அதுதான். 69-வது தெருவுக்கு எதிர்ப்புறம் 1970களில் கேலரியா என்ற வளாகம் வந்து, விலை உயர்ந்த பொருள் வாங்குபவர்களைத் தன் பக்கம் இழுத்தது. யார்க் அவென்யூவில் மலிவு விலையில் வாங்குபவர்களுக்கு ஒரு கடை வந்தது. அது வேறு யாருமல்ல, டார்கெட். டேட்டன் குடும்பத்தின் பிள்ளை, தாய் வீட்டுக்குப் பக்கத்திலேயே கடை போட்டது. இரண்டு பக்கமும் ஆட்கள் பிரிய, நடுத்தரமான மால் நடுவில் மாட்டிக்கொண்டது.

அண்ணன் தம்பிகளும் ஒரு ராட்சசனும்

டேட்டன் நிறுவனம் சவுத்டேலோடு நிற்கவில்லை. 1962-ல் ப்ரூக்டேல், 1969-ல் ரோஸ்டேல், 1974-ல் ரிட்ஜ்டேல் என்று நகரின் மற்ற திசைகளிலும் மால்கள் எழுந்தன. நான்கையும் சேர்த்து "டேல்கள்" என்று அழைப்பார்கள்.

1992 ஆகஸ்ட் 11 அன்று பக்கத்து ஊரான ப்ளூமிங்டனில் மால் ஆஃப் அமெரிக்கா திறக்கப்பட்டது. பழைய விளையாட்டு மைதானம் இருந்த இடத்தில் நான்கு பெரிய கடைகள், 300-க்கும் மேற்பட்ட சிறு கடைகள், நடுவில் ஒரு கேளிக்கைப் பூங்கா. சவுத்டேலில் இருந்து காரில் சில நிமிடத் தூரம்தான். சுற்றுலாப் பேருந்துகளே அங்கே வரத் தொடங்கின. அந்த ராட்சசனும் மாற்றத்துக்குத் தப்பவில்லை. அதன் நான்கு தூண்களில் ப்ளூமிங்டேல்ஸ் 2012-லும் சியர்ஸ் 2019-லும் வெளியேறின.

ப்ரூக்டேலின் கதி இன்னும் மோசம். பெரிய கடைகள் ஒவ்வொன்றாகப் போக, 2010-ல் மால் மூடப்பட்டது. 2011-ல் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. 2012-ல் அந்த இடத்தில் வால்மார்ட் வந்தது. இன்று அங்கே இருப்பது கூரையிட்ட மால் அல்ல, வாகன நிறுத்தத்தைச் சுற்றித் தனித்தனிக் கடைகள் நிற்கும் ஒரு பிளாசா. மாலைச் சுற்றி முளைத்த பிளாசா, கடைசியில் மாலையே விழுங்கிவிட்டது.

நகரத்தின் நடுவில் என்ன ஆனது?

சவுத்டேலைப் பார்த்து மினியாபொலிஸ் கடைவீதி பயந்தது. அங்கும் குளிர் படாமல் நடக்க வழி வேண்டும் என்று, 1962-ல் ஒரு கட்டிடத்தில் இருந்து இன்னொன்றுக்குச் சாலைக்கு மேலே கண்ணாடிப் பாலம் போட்டார்கள். "ஸ்கைவே" என்ற இந்தப் பாலங்கள் இன்று மைல் கணக்கில் நீள்கின்றன. 1967-ல் நிகோலெட் அவென்யூவின் கடைவீதியில் கார்களை நிறுத்தி, நடப்பவர்களுக்கும் பேருந்துகளுக்கும் விட்டார்கள். ஆனாலும் 1902-ன் டேட்டன்ஸ் கட்டிடம், கடைசியில் மேசீஸ் என்ற பெயரில், 2017 மார்ச்சில் மூடப்பட்டது. புறநகர்க் கிளை இருக்க, தலைமைக் கடை போய்விட்டது.

இங்கேதான் ஒரு முக்கியமான வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். கடைவீதி ஊருக்குச் சொந்தம். அங்கே கடை மூடினாலும் தெரு இருக்கும். ஒருவர் அங்கே நின்று கோஷம் போடலாம், துண்டுச் சீட்டு கொடுக்கலாம். மால் அப்படி அல்ல. 1996-ல் மால் ஆஃப் அமெரிக்காவில் சிலர் விலங்குத் தோல் ஆடைகளை எதிர்த்துப் போராட்டம் நடத்தி, அத்துமீறி நுழைந்ததாக வழக்குக்கு ஆளானார்கள். அந்த மால் கட்ட அரசு உதவி இருந்தது, அது ஊர்ச் சதுக்கம் போலவே பயன்படுகிறது, எனவே பேச்சுரிமை உண்டு என்று வாதிட்டார்கள். 1999-ல் மினசோட்டா உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மால் தனியார் சொத்து, அங்கே மாநில அரசியல் சட்டத்தின் பேச்சுரிமை செல்லாது என்றது தீர்ப்பு.

க்ரூயன் கட்டிக் கொடுத்த "ஊர் மைய"த்தின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதை அந்தத் தீர்ப்பு சொல்லிவிட்டது. ஊர்க்காரர்கள் அங்கே வாடிக்கையாளர்கள், அவ்வளவுதான்.

கடைகள் போன பின் வந்தவை

க்ரூயன் 1968-ல் வியன்னாவுக்கே திரும்பிவிட்டார். 1976-ல் வியன்னாவின் தெற்கு எல்லையில் ஷாப்பிங் சிட்டி சூட் என்ற ராட்சச மால் எழுந்து, அவர் நேசித்த பழைய கடைத்தெருக்களுக்குப் போட்டியானது. 1978-ல் லண்டனில் பேசியபோது, தன் யோசனையைத் திரித்துக் கட்டப்பட்ட மால்களுக்குத் தான் தகப்பன் அல்ல என்கிற அளவுக்கு அவற்றை ஒதுக்கித் தள்ளினார். 1980-ல் காலமானார்.

அவர் இருந்து பார்த்திருந்தால், சவுத்டேலில் அண்மைக் காலத்தில் நடப்பவை அவரை ஆச்சரியப்படுத்தியிருக்கும். 2007 முதல் இந்த மால் சைமன் என்ற நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 1972-ல் மூன்றாவது பெரிய கடையாக வந்து சேர்ந்த ஜே.சி.பென்னி 2017-ல் மூடப்பட்டது. கட்டிடத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் 2019-ன் இறுதியில் லைஃப் டைம் என்ற பிரம்மாண்டமான உடற்பயிற்சிக் கூடம் திறந்தார்கள். அதிலேயே அலுவலக வேலை செய்யவும் இடம் உண்டு. வாகன நிறுத்தத்தின் ஒரு பகுதியில் 2014-ல் அடுக்குமாடிக் குடியிருப்பு வந்தது. இன்னொரு பகுதியில் ஹோட்டல். மற்றொரு பகுதியில் ஆர்.எச். என்ற அறைகலன் கடை, மொட்டை மாடி உணவகத்தோடு தனிக் கட்டிடம் கட்டிக்கொண்டது.

வீடு, வேலை, தங்குமிடம், உடற்பயிற்சி, சாப்பாடு, எதிரிலேயே நூலகமும் மருத்துவமனையும். 1956-ல் க்ரூயன் வரைந்த படம் கிட்டத்தட்ட இதுதான். கடைகள் செழித்திருந்த அறுபது ஆண்டுகளில் அது நடக்கவில்லை. ஒரு கார் நிறுத்தும் இடத்தில் வீடு கட்டுவதைவிட, காரை நிறுத்துவதே அப்போது அதிக லாபம். கடைகள் தளர்ந்து, காலி நிலம் மிஞ்சிய பிறகுதான் வீடுகளுக்கு இடம் கிடைத்தது.

ஆனாலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. க்ரூயனின் முற்றத்துக்குள் யாரும் காசு கொடுக்காமல் வந்து உட்காரலாம். பனி கொட்டும் ஜனவரியில் பறவைக் கூண்டைப் பார்த்தபடி ஒரு கிழவர் பொழுதைப் போக்கலாம். இன்று ஜே.சி.பென்னி இருந்த இடத்துக்குள் நுழைய மாதச் சந்தா கட்டிய உறுப்பினராக இருக்க வேண்டும். பழைய கடையில் எதுவும் வாங்காமல் சுற்றிவிட்டு வெளியே வர முடிந்தது, இங்கே அது முடியாது.

டொனால்ட்சன்ஸ் போனதும் டேட்டன்ஸ் போனதும் ஈடைனா மக்கள் வாங்குவதை நிறுத்தியதால் மட்டும் அல்ல. டொரண்டோவில் வாங்கிய கடன், சிகாகோவில் போட்ட கையெழுத்து, பென்சில்வேனியாவில் கொடுத்த திவால் மனு என்று எங்கோ நடந்தவற்றின் விளைவுகள் அவை. மாலில் தினமும் நடந்தவர்களுக்கு ஒரு காலையில் பலகை மாறியிருப்பது மட்டும் தெரிந்தது. அடுத்து வரப்போகும் பலகையைப் பற்றியும் அவர்களிடம் யாரும் கேட்கப்போவதில்லை. ஊர் மையத்தைத் தனியாரிடம் கட்டக் கொடுத்த எல்லா ஊர்களுக்கும், அது மினசோட்டாவானாலும் வேறு எங்கானாலும், சவுத்டேலின் அந்த மூலை ஒரு பாடம்.